நாலு மணி நேரமும் ஒரு சாவியும்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரமும் நேரமும் குடியிருந்தன. தூரம் மூவாயிரம் கிலோமீட்டர். நேரம் நாலு மணி. ரெண்டுக்கும் ஓயாத சண்டை.

"வளைகுடாவிலேர்ந்து திருச்சி வரைக்கும் நீட்டிப் படுத்திருக்கேன். என்னைத் தாண்ட எவனால முடியும்?" என்று தூரம் பீற்றிக்கொள்ளும்.

"அட போப்பா! ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம். அதுக்குள்ள உன்னைத் தாண்ட வச்சிருவேன்" என்று நேரம் கிண்டலடிக்கும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ராசு அம்பலம் செத்துப்போனார். மூத்த மகன் அடைக்கலம் வளைகுடாவில் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன். கொள்ளி வைக்க அவன் வந்தாக வேண்டும். ஊரிலோ சனிக்கிழமை விடிந்தால் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. ஊருக்குள் பிணம் கிடந்தால் காப்புக் கட்ட மாட்டார்கள்.

சித்தப்பா சுப்பையா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "ஃபிளைட்டு நாலே மணி நேரந்தான். நாளைக்கு மத்தியானம் பய வந்துருவான். அஞ்சு மணிக்குத் தூக்கிடலாம்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

"வந்துர்றேன் சித்தப்பா. நான் அப்பா முகத்தைப் பார்க்காம எடுத்துராதீங்க" என்று அடைக்கலம் போனில் அழுதான்.

நேரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஊரே என்னை நம்பி இருக்கு!"

தூரமும் அன்றைக்கு வம்பு பண்ணவில்லை. "பாவம்யா, தகப்பனைப் பறிகொடுத்தவன். சீக்கிரமா கொண்டுபோய்ச் சேர்த்துடு" என்றது.

டிக்கெட் எடுத்தாயிற்று. பாஸ்போர்ட்? அது கம்பெனி ஆபீசில், இரும்புப் பெட்டிக்குள். அடைக்கலம் தங்கியிருந்த அறைக்கு இரண்டு மாடி கீழே. சாவி மேனேஜரின் சட்டைப் பையில். வெள்ளிக்கிழமை லீவு. அந்த மனுசன் போனை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார்.

தூரமும் நேரமும் பதறிப்போய்ச் சாவியிடம் ஓடின. "தாயே, ஒரே ஒரு தடவை திரும்பு!"

சாவி சோம்பல் முறித்தது. "நாளைக்கு ஆபீஸ் திறக்கட்டும்."

"அவன் அப்பா செத்துக் கிடக்காரு!"

"அதுக்கு நான் என்ன பண்ண? யார் கையில இருக்கேனோ அவங்க திருப்பினாத்தான் திரும்புவேன்."

தூரம் அந்தச் சாவியை ஏற இறங்கப் பார்த்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அன்றோடு தன் பீற்றலை நிறுத்திக்கொண்டது.

ஊரில் ஆறு மணி வரை பொறுத்துப் பார்த்தார்கள். பொழுது இறங்கிவிட்டது. "நாலு மணி நேரம்னு சொன்னீகளே, எம்புள்ளை எங்க?" என்று அடைக்கலத்தின் அம்மா செல்லம்மாள் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். சுப்பையாவே கொள்ளி வைத்தார். அடைக்கலம் பூட்டிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவி திரும்பியது. அன்றைக்கே விமானம் கிடைத்தது. நேரம் வழியில் எங்கும் மூச்சு வாங்காமல் ஓடித் திருச்சியில் இறக்கியது. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடைக்கலம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பணிப்பெண் அருகில் வந்து, சிரித்த முகத்தோடு சொன்னாள்: "இறங்கலையா சார்? பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்."