எலி மாற்றிய முட்டு

குளக்கரை மருத மரத்தடியில், மண்ணுக்குள் ஒரு பெரிய வளை இருந்தது. அதில் ஒரு வெள்ளெலி தன் குட்டிகளோடு குடியிருந்தது. அடுத்த அறையில் ஓர் எறும்புத்தின்னி, கைக்குழந்தையோடு.

மண் வளை என்றால் கூரை எப்போது வேண்டுமானாலும் சரியும். அதனால் அங்கங்கே குச்சிகளால் முட்டுக் கொடுத்திருந்தது. அந்தப் பொறுப்பு முழுக்க முள்ளம்பன்றியுடையது. எந்த இடத்து முட்டு என்ன உயரம் என்பது அதற்கு மனப்பாடம். மழைக்காலத்துக்கு முன் வளையைச் சுற்றிவந்து, உளுத்ததைப் பிடுங்கி, அதே அளவில் புதிதாக நறுக்கி வைக்கும். அதுவரை யார் கெஞ்சினாலும் அசையாது.

எலியின் அறை தாழ்வானது. குட்டிகள் வளர வளர நெருக்கடி தாங்கவில்லை.

"அண்ணே, என் அறைக் கூரையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுங்க. மழை வந்துட்டா பிள்ளைங்க நாள் முழுக்க உள்ளேதான் கிடக்கணும்," என்றது எலி.

"அங்க நிக்கிற முட்டுதான் எறும்புத்தின்னி அறையையும் தாங்குது. அதை மாத்தினா சுத்தியிருக்கிற எல்லாத்தையும் மாத்தணும். அதுக்கு இப்ப நேரமில்லை," என்றது முள்ளம்பன்றி. "அவசரம்னா பக்கத்துல தனியா ஒரு கிளை வளை தோண்டிக்கோ. அதுல உன் இஷ்டம்போல எதை வேணும்னாலும் வை. இதுல மட்டும் கை வைக்காதே!"

தோண்டுவதா? நினைத்தாலே எலிக்கு அலுப்பாக இருந்தது. நேரே மருத மரத்தில் இருந்த அணிலிடம் போனது.

அணில் மகா சுறுசுறுப்பு. யார் எதைக் கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் கொண்டுவந்து நிறுத்தும். எதற்கு, ஏன் என்றெல்லாம் விசாரித்து நேரத்தை வீணாக்காது.

"எவ்வளவு உயரம் வேணும் அக்கா?"

"பழசைவிட என் வால் நீளம் கூட இருந்தா போதும்."

"இவ்வளவுதானே!"

இரண்டும் சேர்ந்து கூரை மண்ணைச் சுரண்டி எடுத்தன. பழைய குச்சி நின்ற இடத்தில் உயரமான மூங்கில் குச்சி ஏறி நின்றது. அறை விசாலமாகிவிட்டது. குட்டிகள் துள்ளிக் குதித்தன.

எறும்புத்தின்னி எட்டிப் பார்த்தது. "என்னமோ சத்தம் கேட்டுச்சே. ஒண்ணும் ஆகாதே, எலியம்மா?"

"ஒண்ணும் ஆகாது. முன்னைவிட உறுதியா நிக்குது, பாருங்க."

அது பொய்யும் இல்லை. மூங்கில் அப்படித்தான் நின்றது.

சில நாளில் வானம் இருண்டது. எலி தானியம் பொறுக்கக் கிளம்பியது. வளை வாயிலில் முள்ளம்பன்றி குச்சிக் கட்டோடு எதிரே வந்தது.

"எல்லாம் வச்ச இடத்துல வச்ச மாதிரியே இருக்குல்ல?"

மூங்கில் விஷயத்தைச் சொல்ல எலி வாயெடுத்தது. சொன்னால் திட்டு விழும். சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"இருக்கு அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

உள்ளே முள்ளம்பன்றி மூங்கிலைக் கண்டது. "இது நான் வச்சதில்லையே," என்று முனகியது. யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை. மெல்லப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் அளவில் நறுக்கிய குச்சியை நட்டது. தன் அளவு என்றைக்கும் பிசகாது என்ற நம்பிக்கை. மேலே நிமிர்ந்தே பார்க்கவில்லை. கூரைக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு வால் நீளம் வெறுமையாக இருந்தது.

மழை கொட்டியது. எலி வாய் நிறைய நெல்லோடு ஓடி வந்தபோது, கூரை எறும்புத்தின்னியின் பக்கமாகச் சரிந்து கிடந்தது. எலிக் குட்டிகள் ஒரு மூலையில் சேறு அப்பிக்கொண்டு உயிரோடு நடுங்கின. பக்கத்து அறை முழுக்க மண்.

எலியும் அணிலும் முள்ளம்பன்றியும் வெறிபிடித்ததுபோல் தோண்டின. எறும்புத்தின்னி பந்தாகச் சுருண்டிருந்தது. கூப்பிட்டன. பந்து விரியவில்லை. மூன்றும் சேர்ந்து மெல்லப் பிரித்தன. வயிற்றோடு அணைத்த குட்டி உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தாய்க்கு மூச்சில்லை.

"நான் எப்பவும் வைக்கிற அளவுலதான் வச்சேன்," என்றது முள்ளம்பன்றி. "வேற குச்சியைப் பார்த்ததுமே யாரு வச்சதுன்னு கேட்டிருக்கணும்."

"நான் அக்கா கேட்ட அளவுலதான்..." என்று தொடங்கிய அணில் தலையைக் குனிந்துகொண்டது.

எலியால் அப்படிக்கூடச் சொல்ல முடியவில்லை. வளை வாயிலில் சொல்லாமல் விழுங்கிய அந்த ஒரு வார்த்தை இப்போது அதன் நெஞ்சை அறுத்தது.

அன்று அலுத்துக்கொண்ட கிளை வளையை எலி பிறகு தோண்டியது. தாயில்லாத குட்டியையும் அங்கேயே வைத்துக்கொண்டது. வசதியான வளைதான். ஆனாலும் கூரையிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்தால் போதும், அந்தக் குட்டி சுருண்டுகொள்ளும். அது மறுபடி விரியும்வரை எலி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

பலருக்கும் பொதுவான ஒன்றில், அதைப் பராமரிப்பவருக்குச் சொல்லாமல் நம் வசதிக்காகக் கை வைத்தால், அதன் கேடு நம்மோடு நிற்பதில்லை.