போர்வைக்காரன் செய்தி

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தீர்களானால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன். இந்தக் கதையே அந்தக் கண்றாவியைப் பற்றியதுதான்.

தேனிக்கு மேற்கே ஓர் ஊரில் 'மலையடி முரசு' என்றொரு செய்தித் தளம். முதலாளி உடையப்பன், ஆசிரியர் கோமதிநாயகம், தளத்தைக் கட்டிப் பராமரிப்பவன் இன்னாசி. யார் யாரோ எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்த மென்பொருளில்தான் அதைக் கட்டியிருந்தான். அதில் மாட்டிய பிளக்-இன் என்கிற துணை மென்பொருள்களில் ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். தினமும் அதனோடு மல்லுக்கட்டுவதுதான் அவன் பிழைப்பு. ஒவ்வொரு செய்திக்கு அடியிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

கூட்டம் கூடினால் தளம் திணறும் என்பதால் இன்னாசி ஓர் ஏற்பாடு செய்திருந்தான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஏற்கெனவே எடுத்து வைத்த நகலைக் காட்டும். லாகின் செய்து உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் நிஜப் பக்கத்தைக் காட்டும். செய்தியில் எதை மாற்றினாலும் பழைய நகல் தானாகவே அழிந்துவிடும். ஆனால் ஆசிரியர் நாள் முழுக்க ஒரு கமாவைப் போடுவார், எடுப்பார். ஒவ்வொரு முறையும் நகல் அழிந்து, கூட்டம் மொத்தமும் நிஜப் பக்கத்தில் விழுந்து தளம் படுத்தது. முதலாளி காட்டுக்கத்தல் கத்தினார். "தானா அழியிறத நிறுத்திடறேன் சார். வேணுங்கிறப்ப நானே அழிச்சுக்கிறேன்" என்றான் இன்னாசி.

ஒரு நாள் காலை, தெருவில் போர்வை விற்ற ஒருவனின் படம் ஆசிரியருக்கு வந்தது. விசாரிக்கவில்லை, ஒரு போன்கூடப் போடவில்லை. 'பிள்ளை பிடிக்க வந்தவன் இவனா?' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டுவிட்டார். கேள்விக்குறி வைத்துவிட்டால் பாவம் ஒட்டாது என்று நினைப்பு!

கொஞ்ச நேரத்தில் காவல் நிலையத்திலிருந்து போன். "யோவ், அவன் சங்ககிரிப் பக்கத்து ஆளுய்யா. பேரு செங்கோடன். பொண்டாட்டியோட இங்க வாடகைக்கு இருந்து யாவாரம் பாக்குறான். மொதல்ல அதத் தூக்கு!"

ஆசிரியர் பதறிப்போய்ச் செய்தியை நீக்கினார். தன் கணினியில் பார்த்தார், இல்லை. முதலாளிக்கும் சொன்னார்: "அந்தச் செய்தி பொய்யாம்ணே. எடுத்துட்டேன்." பிறகு இன்னாசியைக் கூப்பிட்டு, "போயிருச்சான்னு பாருப்பா" என்றார். இன்னாசி அப்போது வேறொரு பிளக்-இன் கோளாறில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். லாகின் செய்திருந்த தன் கணினியிலேயே பார்த்தான். "போயிருச்சு சார்" என்றான். நகலை மறந்தேபோனான்.

வெயில் ஏறியதும் உடையப்பன் டீக்கடையில் உட்கார்ந்தபடி ஆசிரியருக்குப் போன் போட்டார். "இன்னைக்குக் கூட்டம் அள்ளுதுய்யா! ஜனம் போர்வைக்காரன விட்டு இன்னும் நகரல. நாளைக்கும் இதே மாதிரி ஒண்ணு பாரு." செய்தியை எடுப்பதற்கு முன் சேர்ந்த கணக்கைச் சொல்கிறார் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்.

உச்சிப் பொழுதில் செய்தியைப் பார்த்த சிலர் கும்பலாகச் சேர்ந்து செங்கோடனைப் பாலத்தடியில் மறித்தார்கள். ஆதார் அட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டான். கத்தியை எடுக்கிறான் என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். வேலிக்கம்பு, சைக்கிள் செயின், கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு விளாசினார்கள். கும்பிட்ட கையைப் பிடித்து இழுத்து, பாலத்துக் கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் நசுக்கினார்கள். விற்க வைத்திருந்த போர்வைகள் ரத்தத்தில் ஊறின. பக்கத்தில் ஒருத்தன் போனிலிருந்த படத்தைத் தூக்கிப் பிடித்து, "இவனேதான், இவனேதான்" என்று குதித்தான். பாவிகள்!

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் அவனுடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் அவன் மனைவி பாவாயி ஓர் அரிவாளோடு அலுவலகத்துக்குள் புகுந்தாள். குறுக்கே இருந்த கண்ணாடிக் கதவு நொறுங்கியது. மேசைமேலிருந்த கணினித் திரை இரண்டாகப் பிளந்தது. மூவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"எம்பட ஊட்டுக்காரரு கைய வாங்குனது உங்கள்ள எவன்டா? அவன் கைய வாங்காம நான் போகமாட்டன்!"

"காலையிலேயே எடுத்துட்டோம் தாயி!" என்று ஆசிரியர் அலறினார்.

பாவாயி தன் போனை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். அதில் அந்தச் செய்தி அப்படியே இருந்தது.

இன்னாசிக்கு உயிரே போய்விட்டது. நடந்தது என்னவென்று அந்த நொடியில் விளங்கியது. ஓடிப்போய்த் தன் கணினியில் நகலை அழித்தான். திரும்பி வந்து வலது கையை மேசைமேல் வைத்தான். "தப்பு என்னோடதுக்கா. வெளியே இருந்து பார்த்திருக்கணும். பார்க்கல" என்று அழுதான்.

ஆசிரியர் அவள் காலில் விழுந்தார். "விசாரிக்காம போட்டவன் நான்தான் தாயி."

உடையப்பன் மட்டும் நிமிர்ந்து நின்றார். "எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதும்மா. சைட்டுக்குள்ள எனக்கு லாகின்கூடக் கிடையாது. ஊர்ல எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் நானும் போன்ல பார்ப்பேன். சத்தியமா!"

பாவாயி அரிவாளை ஓங்கினாள்.

இப்போது சொல்லுங்கள். ஒருவன் பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்கவில்லை. ஒருவர் விசாரிக்காமல் போட்டார். ஒருவர் உள்ளேயே போனதில்லை. இந்த மூவரில் செங்கோடன் கையை வாங்கியவர் யார்?

விடை: உடையப்பன். அவர் செய்த சத்தியமே அவரைக் காட்டிக்கொடுத்தது. மற்ற இருவரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளேயிருந்து பார்த்ததால் செய்தி போய்விட்டது என்று நிஜமாகவே நம்பினார்கள். லாகின் இல்லாத உடையப்பனோ ஊர் பார்த்த பக்கத்தையே பார்த்தார். பொய் என்பதும் அவருக்குத் தெரியும். ஜனம் இன்னும் அதை விட்டு நகரவில்லை என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். 'இன்னும் இருக்குய்யா' என்று டீக்கடையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீக்கடைப் பேச்சை ஆசிரியர் அழுதுகொண்டே சொன்னதும், பாவாயி உடையப்பனை இழுத்து அவர் கையை மேசையில் அமுக்கினாள். அரிவாள் இறங்கியது. விரல்களுக்கு ஒட்டினாற்போல மரத்தில் புதைந்து நின்றது. "வெட்டலீங்க. எம்பட ஊட்டுக்காரருக்கு இனிச் சோறூட்ட ஒரு கை வேணும். அது இந்தக் கைதான். வாங்க ஆசுபத்திரிக்கு" என்றாள்.