ஆயிரம் வராகன் மயில்

முன்னொரு காலத்தில் காரைமலைச் சீமையைக் கடம்பராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ராஜா என்றால் கோபம் வரத்தான் வரும். இவருக்கு வேட்டையில் குறி தப்பினால் வரும். அதைத் தணிக்கிற வேலை மந்திரி வன்மீகநாதருக்கு. வருஷக்கணக்கில் தணித்துத் தணித்து மனுஷர் ஓய்ந்துபோயிருந்தார்.

அன்றைக்கும் தப்பியது. ராஜா தம் இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டார். பன்றி சாவகாசமாக ஓடியது. பக்கத்தில் நின்ற காவல்காரன் குருந்தன் தன் துப்பாக்கியால் ஒரே வெடியில் அதைச் சாய்த்தான். இரண்டு துப்பாக்கியையும் செய்தவர் ஒரே ஆள், இருளப்ப ஆசாரி. ராஜா கொடுத்த விலை ஆயிரம் வராகன், குருந்தன் கொடுத்தது பத்து.

ராஜாவின் துப்பாக்கியைச் சொல்லிச் செய்யவைத்தவர் சேவுகப்பெருமாள் என்கிற தர்பார் பிரபு. ராஜாவின் பொருள் எதுவானாலும் ஊரிலேயே அதுதான் அதிக விலையாக இருக்கவேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். தப்பியது ராஜாவின் கை என்றால் பிரபுவின் தலை போகும். தான் வாங்கித் தந்த துப்பாக்கி என்றால் பவிசு போகும். ஆகவே பழியை ஆசாரிமேல் போட்டார். நல்ல குழலைக் காவல்காரனுக்குக் கொடுத்துவிட்டு மட்டமானதை ராஜா தலையில் கட்டிவிட்டான், வெடிச் சத்தமே காட்டிக்கொடுக்கிறது என்றார். ஆசாரியின் வலதுகைக் கட்டைவிரலை வெட்டும்படி உத்தரவாயிற்று.

வன்மீகநாதர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எழுந்தார். கதை சொல்கிற எனக்கே அலுக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும். சேவுகப்பெருமாளை ஒரு படுதாவுக்குப் பின்னால் உட்காரவைத்து, எந்த வெடி யார் துப்பாக்கி என்று சத்தத்தைக் கேட்டே சொல்லச் சொன்னார். குருந்தனிடம், துப்பாக்கியை மதில்மேல் தாங்கிவைத்து இரண்டு பானைகளைச் சுடச் சொன்னார். இரண்டும் சிதறின.

படுதாவுக்குள்ளிருந்து பிரபு தீர்ப்புச் சொன்னார்: "முதல் வெடி கணீரென்றது, அது காவல்காரனுடையது. அடுத்தது ஓட்டைப்பானைச் சத்தம். அதுதான் மகாராஜாவுடையது."

"இரண்டுமே மகாராஜாவுடையதுதான் ஐயா," என்றார் மந்திரி. "ஒரே துப்பாக்கி. முதலில் வலது குழல், பிறகு இடது குழல்."

தர்பாரில் யாரோ சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. "குழல் நல்ல குழல் என்றால், தப்பியது என் கையா?" என்றார்.

ஆசாரி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். மந்திரி துப்பாக்கியை ராஜாவிடம் நீட்டி, தாம் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை அதைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும்படி வேண்டிக்கொண்டார். அவசரமில்லாமல் காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார். குழல் முனை மெல்லத் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

"உங்கள் கை தப்பவில்லை மகாராஜா. மயில் இழுத்துவிட்டது," என்றார் மந்திரி. "இருளப்பா, நீயே சொல்."

"ரெண்டுக்கும் ஒரே இரும்பு, ஒரே உலை சாமி," என்றார் ஆசாரி. "துப்பாக்கிக்குப் பத்து வராகன். மீதியெல்லாம் குழல்மேல உட்கார்ந்திருக்கிற தங்க மயிலுக்கு. கனக்கும், வேண்டாம்னு சொன்னேன். பிரபு கேக்கலை."

விரல் தப்பியது. இனி வேட்டைக்கு வேட்டை அந்த மயில் துப்பாக்கியைச் சேவுகப்பெருமாளே மலைமேல் சுமந்துவர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மந்திரிக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். வேலையிலிருந்து ஓய்வு என்றார் அவர். அது மட்டும் கிடையாது என்று ராஜா ஒரு முத்துமாலையைப் போட்டுவிட்டார்.

பிறகு ராஜா, குருந்தனுடையதைப் போலவே மயில் இல்லாமல் தமக்கும் ஒன்று செய்யச் சொன்னார்.

"பத்து வராகன் சாமி."

ராஜாவின் முகம் சுருங்கியது. காவல்காரன் விலையிலா ராஜாவுக்குத் துப்பாக்கி? வெகுநேரம் யோசித்தார்.

"துப்பாக்கி அதேதான். விலை மட்டும் ஆயிரம்," என்றார்.

மந்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், வாங்கிக்கொள்ளப்பா என்று ஆசாரிக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, வீட்டுக்குத் தூங்கப் போனார்.