கெடுத்துப் பார்த்த லாரி

அடிவாரத்துப் பட்டறையில் தஸ்தகீர் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பழைய லாரியை யார் கட்டி முடித்தாலும் அதை அவர் ஒரு முறை கெடுப்பார்.

கட்டியவரையும், அந்த வண்டியை நம்பி மலையில் வாழப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு பாதி மலை வரை போவார். தனக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தச் சொல்வார். எல்லோரையும் இறங்கி அந்தப் பக்கம் பார்த்து நிற்கச் சொல்வார். அவர்கள் திரும்பும்போது வண்டி ஓடாது. வண்டிக்குள் இருக்கும் சாமானை மட்டும் வைத்து அதை ஓட வைக்க வேண்டும். ஓடினால் வண்டி அவர்களுடையது. ஓடாவிட்டால் மறுபடியும் பட்டறைக்கு.

தும்பைக்காடு மலை உச்சியில் இருக்கிறது. ஊருக்குச் சாலை உண்டு. அரசாங்கத்தின் வரைபடத்தில் அது தார் போட்ட சாலை. தேர்தலுக்கு முன்னால் ஜல்லி கொண்டுவந்து கொட்டுவார்கள். தேர்தல் முடிந்ததும் அதே ஜல்லியை அள்ளிப் போய் அடுத்த மலையில் கொட்டுவார்கள். மழைக்காலத்தில் அந்த வழியில் ஏறி இறங்கப் புது வண்டிகளால் முடியாது. உயரமான, கனமான, பழைய லாரிதான் வேண்டும்.

செம்பாயி தும்பைக்காட்டுக்காரி. போன மழையில் அவளுடைய தங்கையைப் பிரசவ வலியோடு போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பாதி வழியிலேயே தூக்கியவர்கள் தூளியை இறக்கி வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவசரப்பட ஒன்றும் இல்லை.

இந்த மழைக்கு யாரும் போர்வையில் இறங்க மாட்டார்கள் என்று அவள் ஊர்க் கூட்டத்தில் சொன்னாள். பட்டாளத்தில் கழித்துப் போட்ட, நான்கு சக்கரமும் இழுக்கிற மூக்கு லாரி ஒன்றை ஊர் சேர்ந்து ஏலத்தில் எடுத்தது. அவள் பாயிடம் வந்து வேலை கற்றாள். எஞ்சினை இறக்கினாள். வில் பட்டைகளை மாற்றினாள். பாய்க்கு அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் வேலையில் அவர் சொன்ன சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னதில்லை. சொன்னதைவிட இரண்டு மடங்கு செய்வாள்.

வேலை முடிந்த அன்று கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாய், மலைக்கு ஒரு வண்டியை எப்ப நம்பலாம்?"

"கெட்ட பிறகு."

"என் வண்டி கெடாது."

"அப்படியா?"

"நீங்க நினைச்சாலும் கெடுக்க முடியாது."

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. பாயின் கைவரிசை எல்லாம் அவளுக்குத் தெரியும். அவர் எந்த நட்டைத் தளர்த்துவார், எந்தக் குழாயை உருவுவார் என்று பட்டறையில் பேசாதவர் இல்லை. அந்த நட்டுகள் ஒவ்வொன்றிலும் அவள் வெல்டிங் பொட்டு வைத்திருந்தாள். டீசல் பில்டரையும் பம்பையும் சுற்றி இரும்புக் கம்பியால் ஒரு கூடு கட்டி, அதையும் வெல்டிங் வைத்து அடைத்திருந்தாள். பானெட்டுக்குப் பூட்டு. சாவி அவள் இடுப்பில்.

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். கூட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல வெல்டிங்" என்றார்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். பின்னால் அரிசி மூட்டைகளும் தும்பைக்காட்டு ஆட்களும். அவர்களில் தருமன் ஊரில் மாவு மில் ஓட்டுகிறவன். மில்லுக்கு ஆயில் எஞ்சின். அறுவடைக் காலத்தில் கீழே இறங்கி டிராக்டரும் ஓட்டுவான். குள்ளம்மா ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"அடியே செம்பாயி, குழியைப் பாத்து ஓட்டுறியா, தேடிப் போயி ஓட்டுறியா?"

"வேணும்னா எறங்கி நடந்து வா சின்னம்மா."

"நடந்தா உன்னை முந்திருவேன். உனக்குத்தான் அசிங்கம்."

பாதி மலையில் ஒரு வளைவு வந்தது. பாய் நிறுத்தச் சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். செம்பாயி சிரித்துக்கொண்டே திரும்பி நின்றாள்.

"நீ திரும்ப வேண்டாம் செம்பாயி" என்றார் பாய். "அந்தப் பாறை மேல போய் உக்காரு."

"எதுக்கு?"

"ஒண்ணைக் கெடுத்தாச்சு."

"எதை?"

"உன்னை. நீ மயங்கிக் கிடக்கிற. மயங்கினவ பேசக் கூடாது."

பிறகு அவர் டீசல் டேங்கின் அடியில் கையை விட்டுக் குழாயை மூடினார். அதற்கு அவள் பூட்டுப் போடவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இருமி, குலுங்கி, நின்றது. குழாயை மறுபடி திறந்துவிட்டு, பாய் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஊருக்குப் போகலாம்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

தருமன் ஏறி ஸ்டார்ட் செய்து பார்த்தான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அவன் இறங்கினான்.

"டீசல் குழாயில காத்து வாங்கிருச்சு. என் எஞ்சினுக்கும் இப்படித்தான் ஆகும். பில்டர் மேல ஒரு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி, பம்பை நாலு அமுக்கு அமுக்கினா காத்து போயிரும்."

"அப்ப அமுக்கு" என்றாள் குள்ளம்மா.

"பானெட் பூட்டியிருக்கு."

எல்லோரும் செம்பாயியைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். பாய் விரலை உயர்த்தினார்.

"மயங்கினவ பேசக் கூடாது, சரி" என்றாள் குள்ளம்மா. "அவ இடுப்புல இருந்து சாவியை எடுக்கலாமில்ல?"

"எடுக்கலாம்."

குள்ளம்மா எடுத்தாள். எடுக்கும்போது ஒரு கிள்ளும் கிள்ளினாள். மயங்கிக் கிடந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பானெட் திறந்தது. தருமன் உள்ளே குனிந்தான். கையை விட்டுத் துழாவினான்.

"என்னடா?" என்றாள் குள்ளம்மா.

"கூண்டு. அந்தத் திருகாணி உள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியுது, விரல் போகல. கதவு கிடையாது. நாலு பக்கமும் வெல்டிங்."

"கழட்டு."

"இதைக் கழட்ட ஸ்பேனர் பத்தாது சின்னம்மா. ஆண்டவன் நேர்ல வரணும். அவரும் கரண்டு வேணும்பார்."

அவர்கள் கம்பியை வளைத்துப் பார்த்தார்கள். கல்லால் அடித்துப் பார்த்தார்கள். வெல்டிங் நல்ல வெல்டிங். அது அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊரை நோக்கி நடந்தார்கள். யாரும் செம்பாயியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இப்ப பேசலாமா?" என்று கேட்டாள்.

"பேசு."

"இது அநியாயம் பாய். வண்டியைக் கெடுக்கறதுதான் வழக்கம். ஆளைக் கெடுக்கறது இல்ல."

"இந்த வண்டியில நீயும் ஒரு சாமானாத்தான் இருந்த. கழட்டிப் பாத்தேன். ஓடல."

"நான் எங்க போயிரப் போறேன்? ராவும் பகலும் அங்கதான் கிடப்பேன். கூப்பிட்டா வருவேன்."

பாய் வளைவுக்குக் கீழே கை காட்டினார். சரிவில் புதருக்கு நடுவே ஒரு லாரியின் தலை துருப்பிடித்துக் கிடந்தது. ஜன்னல் வழியாக ஒரு கோழி வெளியே வந்தது.

"எனக்கு முன்னாடி இங்க வீராசாமின்னு ஒருத்தர் இருந்தார். அவர் கட்டின வண்டி. அவர் கைபட்டாத்தான் ஓடும்னு இந்த மலை முழுக்கப் பெருமையாச் சொல்லுவாங்க. அவரும் அப்படித்தான் சொல்லுவார்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல். ஒரு வாரம் படுத்தார். எந்திரிச்சுட்டார்."

"ஒரு வாரம்தானே?"

"மழை அந்த வாரம்தான் வந்தது."

அவள் எழுந்தாள். கீழே நடந்து போய்ப் பட்டறையிலிருந்து ரம்பம் கொண்டு வந்தாள். கூட்டை அன்றைக்கே அறுத்தாள். அறுத்து முடிக்கும்வரை பாய் உதவிக்கு வரவில்லை.

வெல்டிங் பொட்டுகளைத் தேய்த்து எடுத்தாள். முடிந்த இடத்திலெல்லாம் ஒரே அளவு நட்டாக மாற்றினாள். ஒரே ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் போதும் என்று ஆனது. வெள்ளோட்டமாக வண்டி ஊர் ஏறும்போதெல்லாம் வழியில் எங்காவது நிறுத்தி, டேங்க் குழாயை மூடித் திறந்து, யாராவது ஒருவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்தாள். சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

"டிக்கெட்டும் எடுத்து வேலையும் பாக்கணுமா?"

"நீ எப்ப டிக்கெட் எடுத்த?"

குள்ளம்மா ஒரு திருகாணியை முறுக்கி முறுக்கி ஒடித்தே போட்டாள். செம்பாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆளாளுக்குக் கை வைத்தால் வண்டி விளங்குமா என்று பாயிடம் போய்ப் பொருமினாள். பாய் வேறொரு திருகாணியை எடுத்துக் கொடுத்தார்.

மழை தொடங்கியது. வண்டியை இன்னொரு முறை கெடுத்துப் பார்க்கப் பாய் தும்பைக்காட்டுக்கு வந்தார். கெடுக்க நேரம் கிடைக்கவில்லை. அன்று விடிந்ததும் தருமனின் மனைவி பூவரசிக்கு வலி கண்டது. குள்ளம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என் கையில இல்ல. புள்ள குறுக்க கிடக்கு. ஆஸ்பத்திரிதான்" என்றாள். சொன்னபோது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

லாரியின் பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டிப் பூவரசியைப் படுக்க வைத்தார்கள். குள்ளம்மாவும் தருமனும் பாயும் ஊர்க்காரர்கள் சிலரும் ஏறிக்கொண்டார்கள். செம்பாயி ஓட்டினாள். மலையை இறங்கி முடிக்கும் இடத்தில் ஓடை ஒன்று குறுக்கே ஓடும். அன்று அதில் முழங்காலுக்கு மேல் செந்நிறத் தண்ணீர். எஞ்சினை அணைக்காமல் வண்டியைக் கரைச் சரிவில் நிறுத்திவிட்டு, கையில் குச்சிகளோடு செம்பாயியும் பாயும் தண்ணீரில் இறங்கினார்கள். எங்கே பாறை, எங்கே பள்ளம் என்று காலால் தடவி, வழிக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டுக்கொண்டே அக்கரைக்குப் போனார்கள். கரையேறும் இடத்தில் ஒரு கல் புரண்டது. செம்பாயியின் கணுக்கால் மடங்கியது. எழுந்தாள். ஊன்ற முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்க்கரையில் வண்டியின் எஞ்சின் இருமியது. நின்றது.

செம்பாயிக்கு உடனே புரிந்தது. டேங்கில் டீசல் குறைவு. சரிவில் வண்டி மூக்கு குப்புற நிற்கிறது. டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்துவிட்டது.

"தருமா! மொதல்ல கல்லு வை! சக்கரத்துக்குக் கல்லு வை!" என்று கத்தினாள்.

ஓடையின் இரைச்சலில் அவள் குரல் வண்டி வரை எட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். பாய் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என்னை அங்க கொண்டு விடுங்க பாய். தூக்கிட்டுப் போங்க!"

"உன்னைத் தூக்கிட்டு இந்தத் தண்ணியில நான் நடந்தா ரெண்டு பேரையும் கடல்லதான் தேடணும்."

எதிர்க்கரையில் யாரோ சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பானெட் உயர்ந்தது. தலைகள் உள்ளே போயின. ஒருவன் தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்து இழுத்து, மழை விழாமல் பானெட்டுக்கு மேல் பிடித்தான். அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. குள்ளம்மா வண்டியிலிருந்து தலையை நீட்டித் திட்டுவது வாயசைவில் தெரிந்தது.

செம்பாயி தரையைக் கையால் அடித்தாள். "அது இல்லடா. பக்கத்துல. பக்கத்துத் திருகாணி."

தலைகள் வெளியே வந்தன. பானெட் விழுந்தது. எஞ்சின் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

பின்னால் கரும்புகை எழுந்தது.

தருமன் வண்டியைத் தண்ணீரில் இறக்கினான். குச்சிகளுக்கு நடுவே மெதுவாக, ஒரே சீராக வந்தான். நடு ஓடையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கரையேறும் சேற்றில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. அவர்களைத் தாண்டும்போது தருமன் திரும்பவில்லை. அவன் கண் சேற்றின் மேல் இருந்தது. பின்னாலிருந்து குள்ளம்மா கத்தினாள்.

"வலி கூடிருச்சுடி! நிக்க முடியாது!"

சேறு இரண்டு பேர் மேலும் அடித்தது. லாரி வளைவில் மறைந்தது. அவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கியர் மாறியது. கொஞ்சம் கழித்துச் சக்கரத்தின் ஒலி கனம் குறைந்து, ஒரே இழையாக ஓடத் தொடங்கியது. தார்ச் சாலையில் ஏறிவிட்டார்கள். ஆஸ்பத்திரி இனிக் கூப்பிடு தூரம்.

செம்பாயி முகத்துச் சேற்றைத் துடைக்காமல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏத்திக்கக்கூட நிக்கல பாய்."

"சேத்துல நின்னா புதைஞ்சிரும்னு அவனுக்குச் சொன்னது யாரு?"

"நான்தான்."

மழை கொஞ்சம் விட்டது. அவள் காலைத் தடவிக்கொண்டாள்.

"நான் இல்லாமலே போயிருச்சு" என்றாள்.

பாய் தன் தலைத் துண்டை அவிழ்த்துப் பிழிந்து, அவள் கணுக்காலைச் சுற்றிக் கட்டினார்.

"அதுக்குத்தானம்மா இந்த வண்டியைக் கட்டின" என்றார்.