காட்டெருமைக்குக் கிடைத்த ஆற்றங்கரை

ஐந்து ஆறுகள் பாயும் காட்டைக் கிழச்சிங்கம் ஒன்று ஆண்டுவந்தது. ஆண்டது பேருக்குத்தான். பல்லெல்லாம் கொட்டிப்போய் அது குகையிலேயே முடங்கிக் கிடந்தது. அதன் பெயரைச் சொல்லி அதிகாரம் செய்தவன் கூர்நகன் என்ற காட்டுப்பூனை.

அங்கே பன்னிரண்டு காட்டெருமைக் கூட்டங்கள் இருந்தன. அவை யாருக்கும் தலைவணங்குவதில்லை. அதனால் அவற்றைக் கண்டாலே கூர்நகனுக்கு ஆகாது. சிறுத்தைகளை ஏவி அவற்றின் கன்றுகளைக் கொன்றான். கார்மேனி என்ற எருமைத் தலைவி அப்படி இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்தவள்.

ஒரு பனிக்காலம். மலைக் கணவாய் வழியாக ஓநாய்ப் படை இறங்கியது. எருமைகள் கூடிப் பேசும் குளக்கரைக்குக் கூர்நகன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பழையதை மறந்துவிடுங்கள்! சேர்ந்து நின்றால்தான் பிழைப்போம்!"

"என் கன்றுகளைக் கொல்லச் சொன்ன வாயா இப்படிப் பேசுகிறது?" என்று சீறினாள் கார்மேனி.

மூத்த தலைவன் நெடுங்கொம்பன் குறுக்கே வந்தான். "தங்கச்சி, அந்தப் பகையைப் பிறகு பார்த்துக்கொள்வோம். இருக்கிற கன்றுகளாவது பிழைக்க வேண்டாமா?"

கார்மேனி தன் கூட்டத்தை அழைத்துவரப் போனாள்.

பன்னிரண்டு கூட்டங்களும் ஒரே வட்டமாக நின்றன. நடுவில் கன்றுகள், வெளியே கொம்புகள். மூன்று நாள் சண்டை. எருமைகளில் பாதி விழுந்தன. கடைசியில் ஓநாய்கள் ஓடின.

சண்டை முடிந்து சில நாள் கழித்து, புதரில் சாகக் கிடந்த ஓநாய் ஒன்றைக் கார்மேனி கண்டாள்.

"ஏன் முறைக்கிறாய்?" என்றது அது. "நாங்களாகவா வந்தோம்? 'கொழுத்த எருமைகள் இருக்கின்றன, வாருங்கள்!' என்று சொல்லியனுப்பியதே உங்கள் காட்டுப்பூனைதான்! நம் இரு கூட்டமும் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று நினைத்திருப்பான்."

கார்மேனி பதறிக்கொண்டு நெடுங்கொம்பனிடம் ஓடினாள். அவன் மேற்கு ஆற்றங்கரையில் இளம்புல் மேய்ந்துகொண்டிருந்தான். கொம்பில் பூமாலை தொங்கியது.

"அண்ணா! ஓநாய்களை அழைத்ததே கூர்நகன்தானாம்!"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"சண்டைக்கு மறுநாளே தெரியும். கேட்கத்தான் போனேன். இந்தக் கரை முழுவதையும் என் கூட்டத்துக்குக் கொடுத்தான். 'ஆற்றரசன்' என்று பட்டமும் கட்டினான்."

"அப்படியானால் செத்தவர்கள்?"

"செத்தவர்கள் புல் தின்னமாட்டார்கள், தங்கச்சி."

கார்மேனி அங்கிருந்து நேரே குளக்கரைக்குப் போய் மற்றத் தலைவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் கொதிப்பார்கள் என்று நினைத்தாள். அவர்களோ ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"கிழக்கு ஆற்றங்கரையை எனக்குத் தருவானா?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

ஒவ்வொருவராகக் கூர்நகனிடம் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஆற்றங்கரையில் ஒரு பகுதியும் ஒரு பட்டமும் கிடைத்தன. அதன்பின் குளக்கரையில் யாரும் கூடவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் ஓநாய்கள் மறுபடி வந்தன. முதலில் மேற்குக் கரையில் பாய்ந்தன. நெடுங்கொம்பன் காடே அதிரக் கதறினான். கார்மேனியின் கூட்டம் மட்டும் ஓடி வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஏழு கன்றுகளைத்தான் அவளால் மீட்க முடிந்தது.

நெடுங்கொம்பன் ஆற்றோரச் சேற்றில் கிழிபட்டுக் கிடந்தான். "வந்துவிட்டாயா? மற்றவர்கள் எங்கே?"

"அவரவர் கரையைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், அண்ணா."

அவன் கண்ணை மூடினான். பிறகு திறக்கவே இல்லை.

பனி விலகுமுன் மற்றக் கரைகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. கார்மேனி தன் கூட்டத்தோடு, மீட்ட ஏழு கன்றுகளையும் ஓட்டிக்கொண்டு ஐந்து ஆறுகளையும் விட்டுப் போனாள். கூர்நகனுக்கு ஒரு குறையும் வரவில்லை. இப்போது அவன் ஓநாயின் பெயரைச் சொல்லி அதிகாரம் செய்தான்.

நம்மை அழிக்க நினைப்பவன் தரும் பரிசு, நம்மைப் பிரிக்க அவன் கொடுக்கும் விலையே.