நிபுணர் மடியில் ஒரு பிள்ளை

வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை விட்டுச்செல்ல, எங்கள் ஊரில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று அரசாங்கத்திடம் கேட்டிருந்தோம். அதை விசாரிக்க வந்து இரண்டு நாள் தங்கிய சமூக நிபுணர் ஞானப்பிரகாசம், ஜீப் பழுதானதால் எங்களோடு பஸ்ஸில் திரும்பினார். நெரிசலில் நின்ற எங்கள் ஊர்ப் பூவாயி, “செத்த நேரம் பிடிங்க சார்” என்று தன் பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்தாள். அவரும் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

“மனுஷனுக்கு மனுஷன் மேல நம்பிக்கை கிடையாதுங்க. வருங்காலத்துல இன்னும் மோசம். பெத்த பிள்ளையை முன்பின் தெரியாதவங்ககிட்ட எவ விடுவா? ஒருத்தியைக் காட்டுங்க பார்ப்போம்!”

“சார், உங்க மடியில தூங்குறானே, அவனைப் பெத்தவ பேரு தெரியுமா?” என்று கேட்டாள் பூவாயி.

அவர் குனிந்து பார்த்தார். பஸ்ஸே சிரித்தது.

“காப்பகம் வேண்டாம்னு நேத்தே எழுதி அனுப்பிட்டேனேம்மா” என்றார். “அதுக்கு முன்னாடி இந்த பஸ்ஸுல ஏறியிருக்கணும்.”

எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் பிள்ளையின் தலை சாயாமல் கையால் தாங்கிக்கொண்டார்.