கவிஞர் எழுதாமல் விட்ட எருமை

முட்டாள் கதைன்னு சொன்னதும் எல்லாரும் கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உக்காந்துட்டீங்க. அந்தக் கடைசி வரிசை அண்ணன் இப்பவே பக்கத்துல இருக்கறவரைப் பார்த்துச் சிரிக்கிறாரு. அவரு கதை இல்லீங்க இது. இது நாலெழுத்து படிச்சவங்க கதை. படிச்சதுதான் பிரச்சினையே.

நரிப்பாறையில கவிஞர் மழைநேசன் ரசிகர் மன்றம்னு ஒண்ணு இருந்துச்சு. தலைவர் தவசிலிங்கம், செயலாளர் எஸ்தாக்கி, துணைத்தலைவர் குபேந்திரன். மொத்தமே மூணு பேரு, மூணு பேருக்கும் பதவி. உறுப்பினர்னு யாரும் கிடையாது.

ஒருநாள் கவிஞர் ரேடியோ பேட்டியில சொன்னாரு: "நான் எழுதினது கொஞ்சம்தான். எழுதாம விட்டதுலதான் என் மனசு இருக்கு. நல்ல ரசிகன் அதைத் தேடிக் கண்டுபிடிப்பான்."

அன்னைக்கே மூணு பேரும் குயர் நோட்டு வாங்கிட்டாங்க. கவிஞரோட பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதுல இல்லாத வார்த்தையாப் பார்த்து எழுத ஆரம்பிச்சாங்க. கோந்து. திருகாணி. வெள்ளைப்பூண்டு. தாசில்தார். ரெண்டு மாசத்துல ஒன்பது நோட்டு.

பத்தாவது நோட்டுல எருமை வந்துச்சு. குபேந்திரன் பேனாவை மூடினான்.

"தலைவரே, குயில் எத்தனை எடத்துல வருது?"

"நாப்பத்தோரு எடம்."

"மயிலு, மானு?"

"இருக்கு. பசுவும் கன்னும்கூட ஒரு பாட்டுல மேயுது."

"எருமை?"

"எங்கயும் இல்ல."



"பசுமாடு வரைக்கும் வந்துட்டு, பக்கத்துல நின்ன எருமையைப் பார்க்காத மாதிரி திரும்பிப் போயிருக்காரு," எஸ்தாக்கி சொன்னான். "மனசுல காயம் இல்லாதவன் அப்படிப் போவானாய்யா?"

 மன்றத்துல எருமை வச்சிருந்தது தவசிலிங்கம் ஒருத்தர்தான். வீட்டுல அடுப்பு எரியறதே அது கறக்கற பாலுல.

"திருகாணியும்தான் இல்ல," மெதுவா சொன்னாரு அவரு.

"திருகாணிக்காக யாராச்சும் அழுது பார்த்திருக்கீங்களா?"

"என் சம்சாரம் அழுதிருக்கா."

"உங்க சம்சாரம் கவிஞரா?"

இல்ல. எருமையைக் கவிஞருக்கே குடுத்துடறதுன்னு தீர்மானம் நிறைவேறிருச்சு.

அடுத்த வாரமே கவிஞர் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வர்றாருன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க.

"ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிட்டா என்ன?" தவசிலிங்கம் கடைசியா ஒருதடவை கேட்டுப் பார்த்தாரு.

"பொன்னாடை ஆறு பாட்டுல இருக்கு. அவருக்கு அதுல ஏக்கம் இல்ல தலைவரே."

வீட்டுல தவசிலிங்கம் சம்சாரம் சொர்ணக்கிளி ஒரே வார்த்தைதான் சொன்னா: "எருமை கவிஞர் காருக்குப் பின்னால போச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டுக்கு முன்னால போயிருவேன்."

விழா முடிஞ்சு கவிஞர் கார்ல ஏறி உக்காந்தாரு. கொம்புல பெயின்ட், கழுத்துல மாலையோட எருமை வந்து நின்னுச்சு.

"என்னப்பா இது?"

"நீங்க மறைச்சதுங்கய்யா."

"எனக்கு எருமைன்னாலே பயம்பா!"

எஸ்தாக்கி மத்தவங்க பக்கம் திரும்பினான். "பார்த்தீங்களா, நேருக்கு நேராவே மறைக்கிறாரு."

தலையை முதல்ல ஏத்துறதா, வாலை முதல்ல ஏத்துறதான்னு ஒரு விவாதம். வழியில கவிஞர் முகம் பார்த்துப் பேசணும்ல, அதனால தலை. எருமை பின்சீட்டுக்குள்ள தலையை விட்டு, கவிஞர் கழுத்துல கிடந்த மாலையைத் தின்ன ஆரம்பிச்சுச்சு. கவிஞர் அந்தப் பக்கத்துக் கதவோட கதவா ஒட்டிக்கிட்டாரு. தவசிலிங்கம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு.

பள்ளிக்கூட வாசல்ல கொய்யாப்பழம் விக்கிற செல்லக்கனியக்கா, என்னடா கூத்து இதுன்னு கேட்டுச்சு. குபேந்திரன் பத்து நோட்டு விஷயத்தையும் பொறுமையா வெளக்கினான்.

அக்கா வாயை அடக்க முடியாம கத்திருச்சு: "அடப் பாவிகளா! அப்படிப் பார்த்தா முட்டாள்ங்கிற வார்த்தையும்தான் அவரு எந்தப் பாட்டுலயும் எழுதல!"

மூணு பேரும் திடுக்கிட்டாங்க. பாட்டுப் புத்தகத்தைக் கார் பானெட் மேல விரிச்சு, முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினாங்க. ஆமா. ஒரு எடத்துலயும் இல்ல.

"அப்போ ஐயா ஏங்குறது எருமைக்கு இல்ல!" தவசிலிங்கம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எருமையை வெளிய இழுத்தாரு.

எஸ்தாக்கிக்குத்தான் கோபம் தாங்கல. "ஏன்க்கா, கார் கெளம்புற நேரத்துலயா வந்து சொல்லுவ? இப்பத் திடீர்னு ஒரு முட்டாளுக்கு நாங்க எங்கக்கா போவோம்?"